செயற்கைப் புல்லில் வெறுங்கால்

1

மே மாதத் தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். பங்குச் சபைச் செயலாளர் வந்து என் கையில் இரண்டு பக்கக் கடதாசி ஒன்றைத் தந்தார். எங்கள் கத்தோலிக்கப் பங்குத் தமிழர்கள் வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் உதைபந்தாட்டப் போட்டிக்கு இந்த முறையும் அதே கல்லூரி மைதானம் கிடைத்திருந்தது. கடதாசியில் இருந்தவை மைதானத்தின் விதிகள்.

“ஜெராட் அண்ணை, இதை ஒருக்காத் தமிழிலை எழுதித் தாங்கோ. ஊரிலையிருந்து புதுசா வந்த பெடியள் கொஞ்சப்பேர் இந்த முறை விளையாடுகினம். அவைக்கு இங்கிலீஸ் விளங்காது.”

“ஓம், தாறன்” என்று வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

தென் லண்டனில் ஸ்ட்ரெதத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து அதை வாசித்தேன். முதல் ஐந்து விதிகளும் போன வருடம் இருந்தவைதான். ஆறாவது புதிது. எல்லோரும் சப்பாத்து அணிந்தே விளையாட வேண்டும், வெயில் நாட்களில் செயற்கைப் புல் மிகவும் சூடாகும், வெறுங்காலோடு எவரும் இறங்கக் கூடாது. தடித்த எழுத்தில் அடித்து, கீழே கோடும் போட்டிருந்தார்கள்.

போன வருடம் அது கடதாசியில் இருக்கவில்லை. ஒரு மனிதர் அதை வாயால் சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.

நான் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டி பஸ் இரண்டு தரிப்புப் போய்விட்டது. இறங்கித் திரும்பி நடந்தேன். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கங்களை ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இதுவரை பனியைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் வாடகை வீடுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இதை எழுதவேண்டும் என்று அன்று நடந்துவரும்போதுதான் நினைத்தேன்.

2

முதலில் என் ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

லண்டனுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். பெற்றோல் நிலையத்தில் வேலை. எத்தனையாம் பம்ப், ரசீது வேண்டுமா, வங்கிக் கார்டை இன்னொருமுறை வைத்துப் பாருங்கள். ஒரு ஷிப்ட் முழுவதும் இந்த முப்பது நாற்பது வசனங்களுக்குள் முடிந்துவிடும். அதற்கு வெளியே யாராவது கதைத்தால், அதுவும் வேகமாகக் கதைத்தால், எனக்குப் பாதிதான் பிடிபடும். மீதிப் பாதிக்குத் தலையை ஆட்டுவேன். “யெஸ், யெஸ், நோ ப்ராப்ளம்” என்பேன். இந்த நாட்டில் அப்படிச் சொல்லியே எத்தனையோ விஷயங்களைக் கடந்துவிடலாம்.

ஆனால் எழுத்து எனக்கு வரும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக இருந்தால் எந்தக் கடிதத்தையும் வாசித்துப் பதில் எழுதிவிடுவேன். கவுன்சிலில் இருந்து வந்த கடிதம், பெனிபிட் என்கிற அரச உதவிப்பணப் படிவம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் படிவம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வரும். “ஜெராட் அண்ணையிட்டைக் குடுத்தாச் சரி” என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பெற்றோல் நிலையத்தில் என் பெயரைக்கூட ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை. கோயில் மண்டபத்தில் நான் படித்த மனிதன்.

படித்தவன் என்ற இந்தப் பெயர் ஊரிலேயே தொடங்கியது. மன்னாரில் எங்கள் பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்றுதான் சொல்வோம். ரெஜி என் வகுப்பு. அணியின் இடது பக்க ஓட்டக்காரன். மைதானம் கடலோரத்து மணல். அணியில் ஒரேயொருவனிடம் சப்பாத்து இருந்தது. அவனும் பத்து நிமிடத்தில் மணல் புகுந்துவிட்டது என்று கழற்றி எறிவான். எல்லோருக்கும் வெறுங்கால்தான். எனக்குப் பந்து வராது. ஆனால் வெளி மாவட்டக் கல்லூரிகளுக்கு ஆங்கிலத்தில் அழைப்புக் கடிதம் எழுதுவது நான். தமிழ் தெரியாத நடுவர் வந்தால் பக்கத்தில் நின்று கதைப்பதும் நான். நடுவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல, பதினொரு பேரும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போதும் நடுவர் சொன்னதில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. மீதியை நானாகவே நிரப்பிச் சொல்வேன். யாருக்கும் தெரியாது.

பிறகு ரெஜியின் தங்கை ஜெசிந்தாவை நான் கட்டினேன். கூட்டாளி மச்சானானான்.

3

போன வருடம் ஜூனில் ரெஜி விசிட் விசாவில் லண்டனுக்கு வந்தான். எங்கள் மகள் ரோஷினியின் உறுதிபூசுதல் என்ற கோயில் சடங்குக்கு. அவளுக்கு அப்போது பதினாறு வயது. ரெஜிக்கு ஐம்பத்தொன்று. சில வருடங்களாகச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. “இப்ப கால் விரலெல்லாம் ஒரு மாதிரி மரத்துப்போய்க் கிடக்கு” என்று வந்த புதிதில் சொன்னான். நான் பெரிதாக எடுக்கவில்லை. ஊரில் இன்னமும் பின்னேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறவன், அவர்களோடு சேர்ந்து ஓடுகிறவன். அவனுக்குக் காலில் என்ன குறை என்றுதான் நினைத்தேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை போட்டி. மைதானத்துக்குப் பொறுப்பாகக் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால் காலையிலேயே ரெஜியையும் ரோஷினியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். வாசலைத் திறந்துவிட்டவர் மைதானக் காப்பாளர். கானா நாட்டுக்காரர், அறுபது வயதிருக்கும். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. பெயர் கோஃபி. எங்கள் ஆட்கள் அவரைக் ‘கோப்பி’ என்பார்கள். “கோப்பி வந்திட்டுதோ, பால் விட்டதோ விடாததோ” என்று அவருக்கு முன்னாலேயே பகிடி விடுவார்கள். அவர் ஏதோ சிநேகமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

கோஃபி எங்களுக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். காட்டவேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை. ரெஜியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காட்டினார் என்று நினைக்கிறேன். உடை மாற்றும் அறையில் சுவரோடு இருப்பதற்கு ஒரு நீள வாங்கு, மேலே இலக்கமிட்ட கொளுக்கிகள். ரெஜி பதினோராம் இலக்கத்தின் கீழே போய் இருந்து இரண்டு கைகளையும் தொடையில் வைத்துக்கொண்டான். ரோஷினி படம் எடுத்தாள். பிறகு வீரர்கள் வெளியே வரும் சிறிய சுரங்கவழி. அதற்குள் நின்று ரெஜி ஒருமுறை கை தட்டிப் பார்த்தான். சத்தம் பெருகித் திரும்பி வந்தது. வெளியே நானூறு நீல இருக்கைகள். அவன் படிகளில் ஏறி மேல்வரிசைவரை போய், அறிவிப்பாளரின் கண்ணாடிக் கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

“ஜெராட், இது உண்மையிலை பள்ளிக்கூடப் பெடியளுக்கோ?”

“ஓம். பதினாறு பதினேழு வயசுப் பெடியள்தான் இஞ்சை படிக்கினம்.”

“எங்கடை பெடியளை ஒருநாளைக்கு இதுக்குள்ளை விட்டுப் பாக்கவேணும்” என்றான்.

புல்லில் கால் வைக்குமுன் குந்தியிருந்து அதைக் கிள்ளிப் பார்த்தான். மூக்கில் வைத்தான். “மணமில்லை” என்றான். புல்தாள்களுக்கடியில் கறுப்புக் கறுப்பாகக் கிடந்த துணிக்கைகளைக் கையில் அள்ளினான். டயரை அரைத்துப் போடுகிறார்கள் என்று சொன்னேன். கையைத் தட்டிவிட்டுச் சிரித்தான்.

பத்து மணிக்கெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியது. இங்கே வருடத்தில் நாலைந்து நாள்தான் அப்படி ஒரு வெயில் எறிக்கும். கோஃபி என்னிடம் வந்தார். பொறுப்பாளர் நான்தானே. ஒலிபெருக்கியைப் பரிசோதிக்கிறோம் என்று ஒருவர் பாட்டைப் போட்டுவிட்டிருந்தார். கோஃபி வானத்தைக் காட்டினார், நிலத்தைக் காட்டினார், நீளமாக ஏதோ சொன்னார். வெயில், தண்ணீர், கவனம் என்ற மூன்று சொற்கள் எனக்குப் பிடிபட்டன. மற்றதெல்லாம் என்னைத் தாண்டிப் போயின. இந்த மனிதருடைய ஆங்கிலம் கோணல், அதற்கு நான் என்ன செய்ய என்று மனதுக்குள் நினைத்தேன். அவர் தன் நாட்டில் பள்ளிப் படிப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் படித்தவர் என்பது பிறகுதான் தெரியவந்தது.

“ஓகே?” என்று கேட்டார்.

“யெஸ், யெஸ், நோ ப்ராப்ளம்.”

அவர் போனார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். ரெஜிக்கு ஒருவரிடம் இரவல் வாங்கிய சப்பாத்து. அது விரலை நெரிக்கிறது என்று அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கோஃபி திரும்பி வந்தார். முதலில் சொன்னதையே இன்னொருமுறை சொன்னார், இந்த முறை ரெஜியின் காலைக் காட்டி.

“என்னவாம்?” என்று ரெஜி கேட்டான்.

எங்களைச் சுற்றி எங்கள் பங்கு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள் என்று கோஃபியைக் கேட்பதற்கு ஒரு விநாடி போதும். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் அந்த ஒரு விநாடி எனக்கு வரவில்லை.

“ஒண்டுமில்லை மச்சான். வெயிலாம், தண்ணி குடிக்கச் சொல்லுறார். நீ விளையாடு, பரவாயில்லை.”

ரோஷினி புள்ளிப் பலகையோடு பக்கத்தில் நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதையும் கண்டேன்.

அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ரெஜி வெறுங்காலோடு விளையாடினான். அந்தப் புல்லில் பந்து மணலில் போவதுபோல் நின்று நின்று போகாது. தொட்டவுடன் வழுக்கிக்கொண்டு ஓடும். முதல் இரண்டு முறை பந்து அவனை ஏமாற்றிவிட்டு வெளியே போனது. மூன்றாவது முறை அதன் வேகத்தைப் பிடித்துக்கொண்டான். இடது கோட்டோடு ஓடி, அவனைவிட இருபது வயது குறைந்த இரண்டு பேரை வெட்டி, ஒரு கோல் போட்டான். இருக்கைகளில் இருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். கடைசிப் பத்து நிமிடம் என்னையும் ரப்பர்ச் சப்பாத்தோடு கோல் கம்பத்துக்குள் நிறுத்தினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பந்துக்காகப் பாய்ந்து விழுந்தேன். முழங்கை உரிந்தது. பந்து உள்ளே போய்விட்டது. ரெஜி ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டு, “முப்பது வருசத்துக்கு முதலே உன்னை இறக்கியிருக்கவேணும்” என்றான். அன்றைக்கு என்னைப்போல் சந்தோசமான மனிதன் லண்டனில் இருந்திருக்கமாட்டான்.

4

காயத்தைக் கண்டது ரோஷினி. ஆட்டம் முடிந்து ரெஜி வாங்கில் உட்கார்ந்து காலை நீட்டியபோது, இரண்டு உள்ளங்கால்களும் வெள்ளை வெள்ளையாகப் பொங்கியிருந்தன. வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே தோல் அப்படியே விட்டுவிட்டது. அவனுக்கு வலிக்கவில்லை. “லேசாச் சுட்டமாதிரி இருந்தது, அவ்வளவுதான்” என்றான்.

கோஃபி ஓடிவந்தார். ரெஜியின் காலைத் தன் மடியில் வைத்துப் போத்தல் போத்தலாகத் தண்ணீர் ஊற்றினார். ஆம்புலன்சுக்குப் போன் எடுத்ததும் அவர்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

சீனி வருத்தக்காரருக்குக் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த மூன்று கிழமைகளில் படித்தோம். முதலில் மருந்து கட்டி அனுப்பினார்கள். பிறகு கிருமி ஏறிவிட்டது என்று கட்டிலில் படுக்கவைத்தார்கள். கடைசியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் ஜெசிந்தா அண்ணனின் கட்டிலோரம் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்:

“அந்த மைதானத்திலை ஆரும் ஒண்டும் சொல்லேல்லையோ? இவ்வளவு சூடாகும் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதோ?”

“இல்லை. ஆரும் சொல்லேல்லை.”

ரெஜி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். காலடியில் கதிரையில் இருந்த ரோஷினி போனில் இருந்து தலையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, தண்ணீர் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போனவள் அரை மணித்தியாலமாகத் திரும்பி வரவில்லை.

5

இங்கே எது நடந்தாலும் அதற்கு ஒரு படிவம் உண்டு. கல்லூரியில் இருந்து விபத்து அறிக்கைப் படிவம் வந்தது. எட்டுப் பக்கம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படிப்பட்ட பாதணி என்று வரிசையாகக் கேள்விகள். ஐந்தாம் பக்கத்தில்: விளையாட முன்னர் மைதானத்தின் ஆபத்துகள் பற்றி உங்களுக்கு அறிவிக்கப்பட்டதா? ஆம் எனில், யாரால்?

இரண்டு பின்னேரம் அந்தக் கேள்விக்கு முன்னால் இருந்தேன். ஆம் என்று எழுதினால் ஜெசிந்தாவுக்குச் சொல்லவேண்டும். ரெஜிக்குச் சொல்லவேண்டும். கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியவரும், ஜெராட் அண்ணைக்கு ஆங்கிலம் விளங்காது என்று. இரண்டாம் நாள் ஜெசிந்தா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

“என்ன, எழுதியாச்சோ?”

இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். கீழே இருந்த வெற்றிடத்தில், எமக்கு எந்த எச்சரிக்கையும் தரப்படவில்லை என்று இரண்டு வரி எழுதினேன். எழுவாய், பயனிலை, காலம் எல்லாம் சரி. நான் நிரப்பிய படிவங்களில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லாதது அதுதான்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. கல்லூரி மனம் வருந்துகிறதாம். தேவையான நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளதாம். ஜெசிந்தா அந்தக் கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்தாள். என்ன நடவடிக்கை என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கப் பழகினேன் என்று சொல்வதுதான் சரி.

அக்டோபரில் ரெஜி ஊருக்குத் திரும்பினான். வலது காலுக்கு ஆஸ்பத்திரி செய்துகொடுத்த சப்பாத்து, கையில் ஒரு ஊன்றுகோல். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, “யோசிக்காதை” என்று மட்டும் சொன்னான்.

6

ரோஷினி செப்டெம்பரில் அதே கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வீட்டுக்குக் கிட்ட இருந்த நல்ல கல்லூரி அது. வேறு இடம் பார்ப்போமா என்று நான் கேட்டதற்கு, “ஏன்?” என்று திருப்பிக் கேட்டாள்.

அவள் தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்வாள். பேசுவது ஆங்கிலம். அப்பா, அம்மா, மாமா என்ற சொற்கள் மட்டும் தமிழில் வரும். முந்தி நான் போனில் காஸ் கம்பனிக்காரரோடு கதைக்கும்போது பக்கத்தில் இருந்து சிரித்துச் சிரித்துத் திருத்துவாள். அது எனக்கு விருப்பம். கோபிப்பதுபோல் நடிப்பேன்.

நவம்பரில் ஒரு பின்னேரம் சமையலறைக்கு வந்து நின்றாள். தாய் வேலைக்குப் போயிருந்த நேரம்.

“அப்பா, கோஃபி இப்போது அங்கே இல்லை, தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எந்தக் கோஃபி?” என்றேன்.

நான் அவித்த முட்டைக்குக் கோது உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்த முட்டையையே திரும்பவும் தடவிக்கொண்டு நின்றேன்.

“மைதானத்துக்குப் புது ஆள் வந்திருக்கிறார். கோஃபி எங்கே என்று கேட்டேன். கோடையில் ஏதோ விபத்து, எச்சரிக்காமல் விட்டதால் அவரை வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.” பிறகு குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்: “ஹீ டோல்ட் யூ, அப்பா. ட்வைஸ்.” அவர் உங்களுக்குச் சொன்னார், இரண்டு முறை என்று.

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. “உனக்கு விளங்காது, பெரியாக்களின்ரை விசயம்” என்று சொன்னேன்.

அதன் பிறகு அவள் என்னைத் திருத்துவதை விட்டுவிட்டாள். நான் போனில் பிழைபிழையாகக் கதைத்தாலும் பேசாமல் அறைக்குள் போய்விடுவாள். பெற்றோர் சந்திப்புக்குத் தாய் மட்டும் வந்தால் போதும் என்றாள். கல்லூரியில் இருந்து வரும் படிவங்களைத் தானே நிரப்பிக் கையெழுத்துக்கு மட்டும் நீட்டினாள். அதையும் தாயிடம்தான் நீட்டினாள். வேலையில் கூட இருக்கிற ஒருவர், இந்த வயதில் இங்கத்தைய பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் தாய் தகப்பனை விட்டு விலகிப் போவார்கள் என்று சொன்னார். நான் அதற்கும் தலையாட்டினேன்.

7

மே மாதத்து அந்த ஞாயிறு, இரண்டு தரிப்பு நடந்து வீட்டுக்கு வந்தபோது ஜெசிந்தா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்று சொன்னேன். கோஃபி சொன்னது, எனக்கு விளங்காதது, நான் தலையாட்டியது, படிவம், அவருடைய வேலை. ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அவள் தண்ணீரை நிறுத்தவில்லை. மீனையும் விடவில்லை.

“பிள்ளைக்குத் தெரியுமோ?”

“ஓம். அவள் கேட்டுக்கொண்டு நிண்டவள்.”

“பத்து மாசமா அவளின்ரை வாயையும் பூட்டி வைச்சிருந்தனீங்களோ?”

அவள் குழாயைப் பூட்டினாள். கையைத் துடைத்தாள்.

“அண்ணைக்குப் போன் எடுங்கோ. நான் இஞ்சைதான் நிக்கிறன்.”

வாட்ஸப்பில் ரெஜியின் முகம் வந்தது. பின்னேரம், மைதானத்து ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். கழுத்தில் விசில். பின்னால் பிள்ளைகளின் சத்தம். அவர்களோடு ஓட முடியாததால் இப்போது இருந்தபடியே பழக்குகிறான்.

“மச்சான், அண்டைக்கு அந்த மனிசன் என்னட்டைச் சொன்னவர், வெறுங்காலோடை இறங்கவேண்டாம் எண்டு. எனக்கு அவர் கதைச்சது விளங்கேல்லை. விளங்கினமாதிரித் தலையாட்டிப்போட்டன். பிறகு ஆரும் சொல்லேல்லை எண்டு எழுதியும் குடுத்துப்போட்டன்.”

ரெஜி விசிலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவர் சொன்னது எனக்கு விளங்கினது” என்றான்.

“என்ன?”

“மேலை வெயிலைக் காட்டினவர். கீழை புல்லைக் காட்டினவர். பிறகு என்ரை காலைக் காட்டிக் கையை ஆட்டினவர். அதுக்கு இங்கிலீஸ் வேணுமே? நான் சப்பாத்தைத் திருப்பிப் போடத்தான் குனிஞ்சனான். நீ பரவாயில்லை எண்டாய். உனக்குப் பாஷை தெரியும், நான்தான் பிழையா விளங்கிப்போட்டன் எண்டு நினைச்சு விட்டிட்டன்.”

பக்கத்தில் ஜெசிந்தா சுவரைப் பிடித்தாள்.

“ஏன் மச்சான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“ஆஸ்பத்திரியிலை நீ அவளுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் நித்திரையில்லை. சரி, பெஞ்சாதிக்கு முன்னாலை மானத்துக்குச் சொல்லுறான், சொல்லிப்போட்டுப் போகட்டும் எண்டு கிடந்தன்.” விசிலைக் கையிலிருந்து விட்டான். “அந்தாளுக்கு ஏதும் நடந்ததோ?”

“வேலை போயிட்டுது.”

பிள்ளைகளில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் கையைக் காட்டி நிற்கச் சொன்னான்.

“விரல் என்ரை, ஜெராட். அதை நான் அண்டைக்கே விட்டிட்டன். அந்தாளின்ரை வேலையை நான் விட்டுத் தர ஏலாது. அது என்ரை இல்லை.”

போனை வைத்துவிட்டான். எங்கள் முப்பத்தைந்து வருடச் சிநேகத்தில் அவன் வைக்கிறேன் என்று சொல்லாமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

8

மறுநாள் கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். மைதானக் காப்பாளர் இரண்டு முறை எச்சரித்தார், எனக்கு விளங்கவில்லை, விளங்கியதாக நடித்தேன், படிவத்தில் பொய் எழுதினேன். எழுதி ரோஷினியின் மேசையில் வைத்தேன். அவள் கல்லூரியில் இருந்து வந்து நின்றபடியே வாசித்தாள். ஒரு சொல்லில் ஒரு எழுத்தைத் திருத்தினாள். வேறு ஒன்றையும் தொடவில்லை.

“நானும் வாறன்” என்றாள். தமிழில் சொன்னாள்.

அலுவலகத்தில் எங்களைச் சந்தித்த பெண்மணி கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். அந்த விஷயம் முடிந்து கோப்பு மூடப்பட்டுவிட்டது என்றார். கோஃபி ஒரு ஏஜென்சி மூலம் வந்தவராம், கல்லூரியின் நேரடி ஊழியர் இல்லையாம். கடிதத்தின் பிரதியை ஏஜென்சிக்கு அனுப்பலாம், அவருடைய போன் இலக்கத்தை எனக்குத் தர முடியாது, என் இலக்கத்தை அவருக்குக் கொடுக்கச் சொல்லலாம். இடையில் இரண்டு இடத்தில் எனக்கு விளங்கவில்லை. ரோஷினி பக்கத்தில் இருந்தாள். அவள் பக்கம் திரும்பாமல் நானே அந்தப் பெண்மணியிடம் திரும்பச் சொல்லக் கேட்டேன். அவர் ஒரு சலிப்பும் இல்லாமல் திரும்பச் சொன்னார். இவ்வளவு சின்ன விஷயம் அது.

விதிகளைத் தமிழில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தபோது, ஆறாவது விதி ஏன் வந்தது என்பதையும் அவருக்குச் சொன்னேன். அவர் என்ன சொல்வதென்று தெரியாமல், “சரி அண்ணை, எல்லாருக்கும் வாறதுதானே” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது படிவங்கள் குறைந்துவிட்டன. சிலர் கொண்டுவருகிறார்கள். சிலர் என்னைக் கண்டதும் பையை மூடிக்கொள்கிறார்கள்.

மூன்று கிழமை கழித்து, பெற்றோல் நிலையத்தில் மதிய இடைவேளையில் நின்றபோது தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. ஏதோ கேட்டார். பக்கத்தில் லொறி ஒன்று இரைந்துகொண்டு நின்றது. யெஸ் யெஸ் என்று வாய்வரை வந்துவிட்டது.

“மன்னிக்கவேண்டும், எனக்கு விளங்கவில்லை. இன்னொருமுறை சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

சொன்னார். அப்போதும் பிடிபடவில்லை. சுவரோரமாகப் போய், மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, திரும்பவும் கேட்டேன். மூன்றாவது முறை சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னார். உங்கள் மச்சானின் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள், நடக்கிறான், ஓட முடியாது என்றேன். நல்லது, நடக்கிறாரே என்றார். கடிதம் தன் கைக்குக் கிடைத்தது என்றார். இப்போது க்ரொய்டன் பக்கம் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலையாம். மைதானங்களில் தன்னை ஒருவரும் எடுக்கவில்லையாம். மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு வசனங்களைச் சொன்னேன். முடிவுவரை குறுக்கிடாமல் கேட்டார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.

“அந்த மைதானத்து வேலை ஒரு நல்ல வேலை” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். அதை அவர் ஒருமுறைதான் சொன்னார். எனக்கு முழுவதும் விளங்கியது.